தாளிதம் இல்லாத உறைப்பு: வன்னிக் குசினியில் கொரியச் சாப்பாடு

கொரியக் கோழிக்கறியைப் படத்தில் பார்த்தால் எங்கள் வீட்டுக் கோழிக்கறிக்கு ஒன்றுவிட்ட சகோதரம் போலத்தான் இருக்கும்: சிவப்புக் குழம்பு, எலும்போடு கோழி, பாதி கரைந்த உருளைக்கிழங்கு. அந்த நம்பிக்கையில் வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்து, போத்தலில் இருக்கும் தூளைப் போட்டு இறக்கினால் வருவது கோழிக்கறிதான். சோயா சோஸ் ஊற்றிப் பழுதாக்கின கோழிக்கறி.

பிழை தூளில் தொடங்குகிறது. வன்னியில் வீட்டுத் தூள் என்பது செத்தல் மிளகாயோடு மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், வெந்தயம், மிளகு எல்லாம் வறுத்து இடித்த கூட்டு. கொரியச் சமையலில் இவற்றில் மிளகாயும் கொஞ்சம் மிளகும்தான் உண்டு. அடுத்தது ஒழுங்கு. நாங்கள் வாசத்தை எண்ணெயில் தொடக்கத்திலேயே எழுப்புகிறோம். அவர்கள் அடுப்பை நிறுத்திய பிறகு எள்ளெண்ணெயாக விடுகிறார்கள். உப்பைத் தனியாகப் போடுவது குறைவு, சோயா சோஸோடும் நொதித்த களியோடும் அது வந்துவிடும். கறிக்குள் சீனி போடக் கை கூசக்கூடாது. இவ்வளவையும் ஒத்துக்கொண்டால் மீதிச் சாமானில் பெரும்பங்கு கிளிநொச்சிச் சந்தையிலும் முல்லைத்தீவுக் கரையிலும் கிடைப்பவையே.

கீழே வரும் அளவுகள் 4 பேருக்கு. மேசைக்கரண்டி என்றால் 15 மில்லிலீற்றர், தேக்கரண்டி 5, கப் 240. கரண்டி எப்போதும் தலைதட்டி.

மிளகாய்

கொரியாவில் பாவிக்கும் மிளகாய்த்தூளின் பெயர் கொச்சுகாரு. விதை நீக்கிய காய்ந்த மிளகாயைக் கொரகொரப்பாக இடித்தது. உறைப்புக் குறைவு, நிறம் கூட, லேசான இனிப்பும் உண்டு. கொரியச் செய்முறை ஒன்றில் 4 மேசைக்கரண்டி மிளகாய்த்தூள் என்று இருந்தால் அதைக் கண்டு பயப்படவும் வேண்டாம், எங்கள் தனிமிளகாய்த்தூளில் 4 கரண்டி போடவும் வேண்டாம். வாயில் வைக்க ஏலாது.

வீட்டில் செய்வதற்கு 100 கிராம் செத்தல் மிளகாய் எடுங்கள். நீளமானதும் தோல் தடித்ததும் நல்லது. சின்னதும் கூரானதும் வேண்டாம். காம்பை வெட்டி, கத்தரிக்கோலால் நெடுக்காகக் கீறி, விதையை உதறுங்கள். விதையைவிட முக்கியம் உள்ளே ஓடும் வெளிர் நரம்பு. உறைப்பு அதில்தான் உற்பத்தியாகிறது, விதையில் இருப்பது அதிலிருந்து ஒட்டியதுதான். கரண்டியின் பின்பக்கத்தால் நரம்பைச் சுரண்டி எடுங்கள். கைக்குப் பொலித்தீன் உறை போடாவிட்டால் அன்று முழுக்கக் கண்ணைத் தொட முடியாது. முடிவில் ஏறத்தாழப் பாதிதான் மிஞ்சும். அதை ஒரு நாள் வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டு உரலில் இடியுங்கள். வறுக்கக் கூடாது, வறுத்தால் நிறம் கறுத்து எங்கள் தூளின் மணம் வந்துவிடும். பதம் கோதுமை ரவை அளவு. கிரைண்டரில் போட்டால் விட்டுவிட்டு 3 சுற்றுப் போதும். மாப்போல அரைபட்ட தூள் குழம்பைக் களியாக்கும், சட்டியில் பட்டவுடன் கருகிக் கைக்கும்.

இதோடு பப்ரிக்கா தூளோ காஷ்மீர் மிளகாய்த்தூளோ 2 பங்குக்கு 1 பங்கு கலந்தால் நிறமும் உறைப்பும் ஓரளவு சரிவரும். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பெரிய கடைகளில் தேடிப்பாருங்கள். கிடைக்காவிட்டால் கீழே சொல்லும் தூளின் அளவைப் பாதியாக்குங்கள். குழம்பு கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். நிறத்துக்காக இன்னொரு கரண்டி போடுவதைவிட அது மேல்.

கொரியாவில் வேலை செய்யும் சொந்தக்காரர் லீவில் வருவதானால் சொக்கலேற்றை விட்டுவிட்டு 1 கிலோ கொச்சுகாருவும் கொச்சுஜங் என்ற நொதித்த மிளகாய்க் களி ஒரு டப்பாவும் கொண்டுவரச் சொல்லுங்கள். தூளைக் காற்றுப் புகாமல் கட்டிப் பிரிட்ஜின் மேல்தட்டில், உறையும் பெட்டிக்குள், வைத்தால் ஒரு வருடம் நிறம் போகாது. வெளியில் வைத்தால் எங்கள் வெக்கைக்கு 2 மாதத்தில் செங்கல் நிறமாகிவிடும்.

கொச்சுஜங்குக்கு மாற்று

கொச்சுஜங் என்பது மிளகாய்த்தூள், ஒட்டும் அரிசி, நொதித்த சோயா அவரை மா, முளைத்த பார்லி, உப்பு சேர்த்து மாதக்கணக்கில் பழுக்கவிட்ட களி. அதை ஒரு மணித்தியாலத்தில் செய்ய முடியாது. செய்யக்கூடியது அதன் வேலையில் முக்கால்வாசியைச் செய்யும் ஒரு கூட்டு.

வறுக்காத வெள்ளைப் பச்சையரிசி மா 2 மேசைக்கரண்டியை முக்கால் கப் பச்சைத்தண்ணீரில் கரைத்து, மெல்லிய நெருப்பில் கிண்டிக் கூழாக்குங்கள். இடியப்பத்துக்கு வறுத்து வைத்திருக்கும் மாவை எடுத்தால் வறுத்த மணம் வரும், சிவப்பரிசி மா நிறத்தைக் கெடுக்கும். கூழ் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் மேலே சொன்ன தூளை அரிதட்டில் அரித்து 5 மேசைக்கரண்டி, சோயா சோஸ் 3 மேசைக்கரண்டி, தேன் 3 மேசைக்கரண்டி, வினாகிரி 1 தேக்கரண்டி, மார்மைட் 2 தேக்கரண்டி சேர்த்துக் கலக்குங்கள். மார்மைட் ஏன்? நொதித்த சோயா தரும் அந்த இறைச்சித்தன்மையான சுவை இங்கே வேறெதிலும் இவ்வளவு இலேசாகக் கிடைக்காது. அதில் உப்பு ஏற்கெனவே உண்டு, தனியாகப் போட வேண்டாம். தேன் இல்லாவிட்டால் சீனி 2½ மேசைக்கரண்டி. பனங்கட்டி, கித்துள் பாணி இரண்டும் நல்ல சாமான்கள்தான், ஆனால் இதற்குள் போட்டால் அவற்றின் மணமே மேலே நிற்கும்.

ஒரு இரவு பிரிட்ஜில் இருந்தபின் பாவித்தால் தூள் ஊறிக் களி இறுகியிருக்கும். கீழே கொச்சுஜங் என்று வரும் இடமெல்லாம் இதைப் போடலாம், மிளகாய்த்தூள் என்றால் மேலே இடித்த தூள். 2 கிழமைக்குள் முடித்துவிடுங்கள். இது நொதித்த பொருள் அல்ல, வெளியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

நல்லெண்ணெயும் சோயா சோஸும்

கொரிய எள்ளெண்ணெய் நன்றாக வறுத்த எள்ளில் ஆட்டியது. எங்கள் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் வருவதால் அந்த மணம் இராது, எவ்வளவு ஊற்றினாலும் வராது. இதற்கு வழி இலகு. 3 மேசைக்கரண்டி எள்ளைக் கழுவி உலர்த்தி, வெறும் தாச்சியில் பொன்னிறமாகும் வரை வறுத்து, சூட்டோடு ஒன்றிரண்டாக இடித்து, இளஞ்சூடான அரைக் கப் நல்லெண்ணெயில் போட்டு மூடுங்கள். மறுநாள் வடித்தெடுங்கள். வடியில் தங்கும் எள்ளை எறியாமல் கீரைக்குப் பாவிக்கலாம். கீழே எள்ளெண்ணெய் என்று வரும் இடமெல்லாம் இதுதான். இதில் பொரிக்க வேண்டாம், கடைசியில் மட்டும் விடுங்கள். பொரிப்பதற்குச் சாதாரண மரக்கறி எண்ணெய். தேங்காயெண்ணெய் விட்டால் கறி உடனே ஊருக்குத் திரும்பிவிடும்.

சோயா சோஸின் உப்பு போத்தலுக்குப் போத்தல் மாறும். புதுப் போத்தல் உடைத்தால் முதல்முறை சொன்ன அளவில் முக்கால் பங்கு விட்டுச் சுவைபார்த்து மீதியை விடுங்கள்.

சோறு

கொரியச் சோறு குட்டை அரிசி. ஒன்றோடொன்று ஒட்டி, குச்சியால் எடுக்கும் பதத்தில் இருக்கும். புழுங்கலரிசியில் அது எந்தக் காலத்திலும் வராது. வெள்ளைப் பச்சையரிசிதான் வேண்டும், அதிலும் புது அரிசி. காலபோக வெள்ளாமை வெட்டி மாசி பங்குனியில் குற்றும் அரிசி குழைகிறது என்று வீடுகளில் முறைப்பாடு வரும். அந்தக் குழைவுதான் இங்கே வேண்டியது. பழைய அரிசி எவ்வளவு தண்ணீர் விட்டாலும் உதிரியாகவே நிற்கும்.

2 கப் அரிசியை 3 தரம் கழுவி அரை மணித்தியாலம் ஊறவிட்டு வடியுங்கள். இரண்டாம் தரம் கழுவிய தண்ணீரை மாட்டுக்கு ஊற்றாமல் எடுத்து வையுங்கள். கொரியர்கள் குழம்புக்கு அதையும் அடித்தண்ணீராக விடுகிறார்கள். ஊறிய அரிசிக்கு 3 கப் தண்ணீர், உப்பு இல்லை. மூடிக் கொதிக்கவிட்டு, கொதி வந்ததும் நெருப்பை நன்றாகக் குறைத்து 15 நிமிடம், நிறுத்தியபின் மூடி திறக்காமல் 10 நிமிடம். கஞ்சி வடிக்கவே கூடாது, ஒட்டவைக்கும் மாப்பொருள் அதோடு போய்விடும். அரிசிக்கு அரிசி வித்தியாசம் இருக்கும்: நடுவில் ஊசி நின்றால் அடுத்தமுறை கால் கப் தண்ணீர் கூட்டுங்கள்.

கோழிக் குழம்பு: டக்பொக்கும்டாங்

தொடங்குவதற்கு இதைவிட நல்ல கறி இல்லை. பிழைத்தாலும் சாப்பிடலாம்.

எலும்போடு கோழி 1 கிலோ, எங்கள் கறித்துண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக. உருளைக்கிழங்கு 400 கிராம், ஒவ்வொன்றும் 4 துண்டு. கரட் 1, பெரிய வெங்காயம் 2 தடித்த துண்டுகளாக, வெங்காயத்தாள் ஒரு பிடி. கூட்டுக்கு: கொச்சுஜங் 3 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் 2 மேசைக்கரண்டி, சோயா சோஸ் 4 மேசைக்கரண்டி, சீனி 1 மேசைக்கரண்டி, இடித்த உள்ளி 10 பல்லு, இடித்த இஞ்சி 1 தேக்கரண்டி, மிளகுதூள் கால் தேக்கரண்டி.

பெரிய சட்டியில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது கோழியைப் போட்டு 3 நிமிடம் விட்டு, வடித்து, பச்சைத்தண்ணீரில் கழுவுங்கள். கழுவிய கோழியை மறுபடி அவித்துக் கழுவுவதா என்று கேட்கத் தோன்றும். எங்கள் கறியில் மசாலாவும் தேங்காய்ப்பாலும் கோழியின் கவிச்சியை மூடிவிடும். இதில் மூட ஒன்றும் இல்லை, அந்த நுரையும் இரத்தக் கசிவும் போனால்தான் குழம்பு துலக்கமாக இருக்கும்.

கோழியைச் சட்டியில் போட்டு 2½ கப் தண்ணீரும் கூட்டில் பாதியும் சேர்த்து, மூடாமல் உரத்த நெருப்பில் 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பிறகு கிழங்கு, கரட், வெங்காயம், மீதிக் கூட்டு. மூடியைச் சற்று விலக்கி நடுத்தர நெருப்பில் 20 நிமிடம். கிழங்கில் ஈர்க்கு இறங்கினால் மூடியை எடுத்துவிட்டு, அகப்பையின் பின்பக்கத்தில் குழம்பு படியும் வரை வற்றவிடுங்கள். சீனி இருப்பதால் இந்தக் கட்டத்தில் அடிப்பிடிக்கும், சட்டியைப் பிடித்துக் குலுக்குங்கள். அகப்பை போட்டுக் கிண்டினால் கிழங்கு உடையும். வெங்காயத்தாளைத் தூவி நிறுத்தி, எள்ளெண்ணெய் 1 தேக்கரண்டி விட்டு, வறுத்த எள்ளைத் தூவுங்கள்.

ஊர்க்கோழி என்றால் கணக்கு வேறு. கூட்டோடு ஏற்றினால் இறைச்சி மெதுமையாகும் முன் குழம்பு வற்றி உப்பேறும். ஒரு துண்டு இஞ்சியோடு வெறும் தண்ணீரில் 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை அவியவிட்டு, நகத்தால் கிள்ளிப் பார்த்தபின், அந்தத் தண்ணீரிலேயே 2½ கப் அளந்து மேலே சொன்னபடி தொடருங்கள். சுவையில் புறொயிலர் பக்கத்தில் நிற்காது.

உப்புக் கூடிவிட்டால் தேங்காய்ப்பால் விட்டுச் சமாளிக்கும் பழக்கம் இங்கே உதவாது. இன்னொரு கிழங்கும் அரைக் கப் தண்ணீரும் அரைக் கரண்டி சீனியும் போட்டு 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். உருளைக்கிழங்குக்குப் பதில் வற்றாளைக் கிழங்கு போடுவது எங்கள் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம்: சுன்சொன் நகரத்துக்குப் பேர்வாங்கித் தந்த டக்கல்பியில், எலும்பில்லாத கோழியோடு வற்றாளையும் கோவாவும்தான் தட்டையான தாச்சியில் வதங்குகின்றன.

கணவாய்: 3 நிமிடக் கறி

முல்லைத்தீவுப் பக்கம் ஊசிக்கணவாய் வரும் நாளில் செய்ய வேண்டியது. ஓட்டுக்கணவாயும் சரிதான், தசை தடிப்பு என்பதால் இன்னும் மெல்லிதாக வெட்ட வேண்டும்.

துப்புரவாக்கிய கணவாய் 500 கிராம். உடலை விரித்து உட்பக்கத்தில் சரிவாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, 2 விரல் அகலத் துண்டுகளாக வெட்டுங்கள். கீறல் அழகுக்கு மட்டுமல்ல, கூட்டு அதில்தான் பிடிக்கும். துண்டுகளைத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். மிளகாய்த்தூள் 2 மேசைக்கரண்டி, கொச்சுஜங் 1 மேசைக்கரண்டி, சோயா சோஸ் 1½ மேசைக்கரண்டி, சீனி 1 மேசைக்கரண்டி, இடித்த உள்ளி 5 பல்லு எல்லாவற்றையும் ஒரு கோப்பையில் கலந்து வையுங்கள். கோவா 150 கிராம், வெங்காயம் 1, கரட் அரைவாசி, கறிமிளகாய் 2 வெட்டித் தயாராக இருக்கட்டும். அடுப்பு மூட்டிய பிறகு வெட்டத் தொடங்கினால் கறி கெட்டது.

விறகடுப்பு இந்தக் கறிக்குக் காஸை வெல்லும். தாச்சி புகைய வேண்டும். 2 மேசைக்கரண்டி எண்ணெயில் மரக்கறியைப் போட்டு 2 நிமிடம், பாதி வதங்கினால் போதும். கணவாயும் கூட்டும் ஒன்றாக விழ வேண்டும். இடைவிடாமல் பிரட்டி, துண்டு சுருண்டு வெள்ளையானதும், அதாவது 2 முதல் 3 நிமிடத்துக்குள், இறக்கி எள்ளெண்ணெய் விடுங்கள்.

கணவாய் நேரம் கூடினால் இறுகித் தண்ணீர் விடும். தண்ணீரைக் கண்டு வற்றட்டும் என்று விடுவார்கள்; அது இன்னும் இறுகி இன்னும் தண்ணீர் விடும். அப்படி ஆகிவிட்டால் கணவாயை உடனே வெளியே அள்ளிவிட்டு, குழம்பை மட்டும் வற்றவைத்து மேலே ஊற்றுங்கள். 1 கிலோ செய்வதானால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். தாச்சி நிறைந்தால் சூடு விழுந்து வதங்குவதற்குப் பதில் அவியும்.

புல்கோகி

உறைப்பே இல்லாத, பிள்ளைகளுக்குப் பிடிக்கும் இறைச்சி. மாட்டிறைச்சியில்தான் பேர்போனது, மாடு சேர்க்காத வீடுகளில் கோழித் தொடையை எலும்பெடுத்துச் செய்யலாம், கொரியாவிலும் கோழிப் புல்கோகி உண்டு. 500 கிராம் இறைச்சியை ஒரு மணித்தியாலம் உறையும் பெட்டியில் வைத்து இறுகியபின், நாருக்குக் குறுக்காக 3 மில்லிமீற்றர் தடிப்பில் சீவுங்கள். சோயா சோஸ் 4 மேசைக்கரண்டி, சீனி 2 மேசைக்கரண்டி, உள்ளி 5 பல்லு, எள்ளெண்ணெய் 1 மேசைக்கரண்டி, மிளகு, துருவிய வெங்காயம் அரைவாசி.

கொரியர்கள் துருவிய பேரிக்காய் சேர்த்து இறைச்சியை மெதுமையாக்குவார்கள். மாட்டிறைச்சிக்கு வளவில் நிற்கும் பப்பாசிக்காயைத் துருவி 1 தேக்கரண்டி போட்டால் அதே வேலை நடக்கும், ஆனால் அரை மணித்தியாலத்துக்கு மேல் வைத்தால் இறைச்சி சேறாகிவிடும். கோழிக்கு அது தேவையில்லை. துருவிய அப்பிள் போதும். வெறும் தாச்சியில் கொஞ்சம் கொஞ்சமாக, ஒற்றை அடுக்காகப் பரப்பி வாட்டி எடுங்கள்.

பிபிம்பாப்

வெள்ளிக்கிழமைச் சைவத்துக்கும் பொருந்தும் கொரியச் சோறு. சோற்றின் மேல் வேறுவேறாகச் சமைத்த மரக்கறிகளை வட்டமாக அடுக்கி, நடுவில் முட்டையும் களியும் வைத்து, சாப்பிடும்போது குழைப்பார்கள். தென்கொரியாவின் தென்மேற்கே உள்ள ஜொன்ஜு நகரம் இதற்குப் பேர்போனது. வேலை கூடிய சாப்பாடு, ஆனால் கஷ்டமான வேலை ஒன்றும் இல்லை. எல்லா மரக்கறியையும் ஒரே தாச்சியில் ஒன்றாக வதக்கிவிட்டால் அது மரக்கறிச் சோறுதான். கரட்டின் இனிப்பு, கீரையின் பச்சை, பயற்றுமுளையின் நறுக்கு மூன்றும் கலைந்துவிடும்.

முளைக்கீரையோ கங்குனோ 2 கட்டு: கொதிநீரில் 30 செக்கன், பச்சைத்தண்ணீரில் அலசி, இறுகப் பிழிந்து, உப்பு, உள்ளி ஒரு பல்லு, எள்ளெண்ணெய் 1 தேக்கரண்டி, வறுத்த எள்ளு சேர்த்துக் கையால் பிசறுங்கள். பிழியாமல் விட்டால் சோறு ஊறிவிடும். கரட் 2: மெல்லிய குச்சிகளாக, கொஞ்ச எண்ணெயில் 2 நிமிடம். கெக்கரிக்காய் 1: சீவி, உப்புப் பிரட்டி 10 நிமிடத்தின் பின் பிழிய வேண்டும். காளான் கிடைத்தால் வதக்கிச் சோயா சோஸ் சில துளி.

முளைக்கு எங்கள் பயறு நல்லது, ஆனால் ஒரு நாள் கட்டி வைத்த குட்டை முளை காணாது. அரைக் கப் பயறை 8 மணித்தியாலம் ஊறவிட்டு, ஈரத்துணி விரித்த பழைய வடியில் பரப்பி, மூடி இருட்டில் வைத்து, நாளுக்கு 4 தரம் தண்ணீர் தெளித்து வடியவிடுங்கள். 3 நாளில் விரல் நீளத்துக்கு வரும். வெளிச்சம் பட்டால் பச்சையாகிக் கைக்கும். தண்ணீர் தேங்கினால் மணக்கும். சமைக்கும்போது கொதிநீரில் 2 நிமிடம் போட்டெடுத்துக் கீரைபோலப் பிசறுங்கள்.

மேலே வைக்கும் களி: கொச்சுஜங் 3 மேசைக்கரண்டி, எள்ளெண்ணெய் 1 மேசைக்கரண்டி, சீனி 2 தேக்கரண்டி, வினாகிரி 1 தேக்கரண்டி, தண்ணீர் 1 மேசைக்கரண்டி. முட்டையை மஞ்சட்கரு இளக்கமாகப் பொரியுங்கள். முட்டையும் சேர்க்காத நாளில் அதை விட்டுவிடலாம், குறையாகத் தெரியாது. களியில் உள்ள மார்மைட்டும் சைவம்தான். உள்ளியும் வெங்காயமும் விலக்குவோருக்கு ஒரு செய்தி: கொரியப் பௌத்த மடங்களின் சமையலிலும் அவை இரண்டும் இல்லை.

கற்சட்டியில் வரும் அடிப்பிடித்த சோறு வேண்டுமென்றால் மண்சட்டியை வெறுமையாக நெருப்பில் காயவிட வேண்டாம், வெடிக்கும். கனத்த இரும்புத் தாச்சியில் எள்ளெண்ணெய் தடவி, சோற்றை அமத்தி, மெல்லிய நெருப்பில் 6 நிமிடம் விடுங்கள். சடசடப்புக் கேட்டதும் மரக்கறியை அடுக்கலாம்.

கிம்ச்சி, எங்கள் கோவாவில்

கோவாவை உப்பிட்டு மிளகாயோடு நொதிக்கவைக்கும் கிம்ச்சிக்கு நீளமான சீனக் கோவாதான் பேர்போனது. இங்கே அது எப்போதும் கிடைக்காது. வட்டக் கோவாவில் செய்வது ஏமாற்று அல்ல, கொரிய வீடுகளிலும் செய்கிறார்கள். பனிக்காலத்துக்கு முன் ஊர் கூடிக் கிம்ச்சி போட்டுப் பகிரும் கிம்ஜங் வழக்கத்தை 2013இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே குளிர் நொதிப்பை மெதுவாக்கும், முன்பெல்லாம் மண்ணில் புதைத்த சாடிகளில் மாதக்கணக்கில் நின்றது. இங்கே வெக்கை அதை விரட்டும். வன்னிக் கிம்ச்சியின் சூட்சுமம் முழுக்க அந்த விரட்டலைக் கட்டுப்படுத்துவதுதான்.

1 கிலோ கோவாவை 4 சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டி, 60 கிராம் ஆனையிறவுக் கல்லுப்பும் 1 கப் தண்ணீரும் விட்டுப் பிரட்டி ஒன்றரை மணித்தியாலம் வையுங்கள், அரை மணிக்கொருதரம் புரட்டி. உப்பைக் கரண்டியால் அளக்காமல் நிறுங்கள். தூளுப்பு ஒரு கரண்டியில் கல்லுப்பைவிடக் கூடக் கொள்ளும். தண்டை வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும். ஒடிந்தால் இன்னும் 20 நிமிடம். 2 தரம் அலசி அரை மணித்தியாலம் வடியவிட்டுச் சுவைபாருங்கள்: வெறுமனே தின்ன ஒரு பொட்டு உப்புக் கூட என்று தோன்றினால் அதுதான் அளவு.

அரிசிமா 1 மேசைக்கரண்டியை முக்கால் கப் தண்ணீரில் கூழாக்கி முற்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு சேர்த்தால் கோவா வெந்து, நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்களும் செத்துப்போகும். மிளகாய்த்தூள் 5 மேசைக்கரண்டி, உள்ளி 8 பல்லு, இஞ்சி ஒரு துண்டு, வெங்காயம் அரைவாசி அரைத்துச் சேருங்கள். உப்பிட்ட இறாலுக்குப் பதில் கூனிக் கருவாட்டை வெறும் தாச்சியில் வறுத்து இடித்து 1½ மேசைக்கரண்டி. சீனி 1 மேசைக்கரண்டி. கரட் குச்சி, வெங்காயத்தாள் 100 கிராம். எல்லாவற்றையும் கோவாவோடு பிசறிக் கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசிக்கு அமத்தி நிரப்புங்கள். வினாகிரியோ தேசிக்காயோ விட வேண்டாம், புளிப்புத் தானாக வரும்.

மூடியை இறுக்காமல் வைத்து வெளியில் விட வேண்டிய நேரம்: சித்திரை வைகாசியில் 8 முதல் 10 மணித்தியாலம், மார்கழி தையில் ஒரு முழுநாள். சின்னக் குமிழி ஏறி, முகர்ந்தால் லேசாகப் புளித்தால் பிரிட்ஜுக்குள். மூடியை இறுக்கி வெளியிலே மறந்தால் திறக்கும்போது கூரைவரை பாயும். நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும் துண்டுதான் முதலில் கெடும், தினமும் சுத்தமான கரண்டியால் அமத்துங்கள். மேலே மெல்லிய வெள்ளை ஆடை படர்ந்தால் வழித்தெறிந்துவிட்டுச் சமைக்கப் பாவிக்கலாம். பச்சையோ கறுப்போ மயிர்போலப் பூஞ்சணம் கண்டால் முழுப் போத்தலையும் கொட்டுங்கள். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் கால் கிலோ அளவில் செய்து, தண்ணீர்ப்பானை வைக்கும் ஈரமணலில் போத்தலைப் புதைத்து 2 நாளில் முடியுங்கள்.

2 கிழமை கழிந்து வெறுமனே தின்ன முடியாதபடி புளித்த கிம்ச்சிக்கென்றே ஒரு குழம்பு உண்டு, கிம்ச்சி ஜிகே. புதுக் கிம்ச்சியில் செய்தால் சப்பென்றிருக்கும். 300 கிராம் கிம்ச்சியை அதன் சாறோடு 1 மேசைக்கரண்டி எண்ணெயில் 5 நிமிடம் வதக்கி, மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி, சீனி 1 தேக்கரண்டி, எடுத்து வைத்த அரிசித் தண்ணீர் 3 கப் விட்டு 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பன்றியிறைச்சி போடுவது வழமை. அதற்குப் பதில் ஒரு ரின்மீனின் தண்ணீரை வடித்துவிட்டு, துண்டுகளை உடையாமல் இறக்கி மேலும் 5 நிமிடம். உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. சட்டியின் அடியில் இரண்டு கரண்டி மிஞ்சினால் நேற்றைய சோற்றை அதில் கொட்டிப் பிரட்டி, அமத்தி, கிண்டாமல் 3 நிமிடம் அடிப்பிடிக்க விடுங்கள்.